எங்கள் பிரிண்டர் பிழைத்த வரலாறும் அதில் என் பங்கும்

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகனும் அம்மாவின் அலுவலகத்தில் சம்பளமில்லா விடுமுறை ஊழியனுமாகிய நான் பணிவுடன் எழுதுவது.

உலகத்தார் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று மதியம் எங்கள் அலுவலக பிரிண்டர் ஒரு தாளை வெளியே தள்ளியது. அந்தத் தாளில் எழுத்தும் இருந்தது. சித்தியும் குட்டித் தங்கையும் நலமாக இருப்பார்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை அது ஒரு தரம் தொண்டையைச் செருமிவிட்டு வாயை மூடிக்கொண்டது. பொறுமை, பெருமை, திறமை என்று நம் குடும்பத்தில் எத்தனையோ 'மை' இருந்தும் தாளில் ஒரு துளி விழவில்லை. அம்மா அனுப்பவேண்டிய பம்பு உதிரிப்பாகப் பெட்டிகள் சுவரோரம் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, நாலு மணிக்கு லாரி, ஒவ்வொரு பெட்டியிலும் முகவரி ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும், "இன்னொரு தரம் லேட்டானா வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்று பம்பு கம்பெனிக்காரர் போன மாதமே சொல்லிவிட்டார், அவர் போனால் அம்மாவின் வியாபாரத்தில் பாதி போச்சு. பிரிண்டரை விற்ற பெரிய கம்பெனிக்கு அம்மா போன் போட்டாள்.

"உங்க ஆபீஸ்ல எத்தனை பிரிண்டர் மேடம்?"

"ஒண்ணு."

மறுமுனைக் குரல் துக்கம் விசாரிப்பதுபோல் தணிந்தது. "சின்ன ஆபீஸுக்கு ஆள் வரமாட்டாங்க மேடம். புகார்ப் படிவம் மெயில்ல வரும். அதைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

அம்மா போனையும் பிரிண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கு எழுதும் மாமா (நான் வைத்த பெயர் கால்குலேட்டர்) "எல்லா ஸ்டிக்கரையும் கையாலேயே எழுதிடலாமா?" என்று ஆரம்பித்து, பெட்டி அடுக்கை அண்ணாந்து பார்த்து, யோசனையைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

உங்களைக் கேட்கலாம் என்ற யோசனை அப்போது யாருக்கு உதித்தது? எனக்கு. (சரி, அம்மாவுக்கு. ஆனால் நம்பரை அழுத்தியது நான்.) நீங்கள் கொடுத்த எண்ணில் எடுத்த ரிப்பேர் அக்காவிடம், "எங்ககிட்ட ஒரே ஒரு பிரிண்டர்தான் இருக்கு" என்று அம்மா ஏதோ குற்றம் செய்ததுபோல் இழுத்தாள்.

"என்கிட்டயும் ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர்தான்க்கா இருக்கு. சரியாப் போச்சு. வர்றேன்."

வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பிரிண்டரின் பின்கதவைக் கழற்றிவிட்டார். உள்ளே உருளையில் ஒட்டிச் சுருண்டிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டே, "பாதி உரிச்ச ஸ்டிக்கர் தாளை யாராச்சும் திரும்ப உள்ள விட்டீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாக இல்லை என்றேன். பிறகு டார்ச் பிடித்தேன். அது எப்பேர்ப்பட்ட பிடி தெரியுமா! கொசு கடித்தும் வெளிச்சம் அசையவில்லை. பிரிண்டர் உயிர்பெற்று முதலில் துப்பியதை மட்டும் "இது டெஸ்டுக்கு" என்று அக்கா எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்து முகவரிகள் மடமடவென்று வந்தன. கிளம்பும்போது என் முதுகில் பலமாக ஒரு தட்டு. "நல்லா வருவடா தம்பி!"

அதற்குப் பிறகு கிடைத்த மரியாதை இருக்கிறதே! லாரி டிரைவர், "நீங்க தூக்காதீங்க தம்பி, ஏதாச்சும் ஆயிடப்போகுது" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். தினமும் தலையில் குட்டும் கால்குலேட்டர் மாமா, தோளைப் பிடித்து என்னை மெல்ல நாற்காலியில் இறக்கிவைத்தார்.

லாரி நேரத்துக்குக் கிளம்பியது. அது தெருமுனை திரும்பியதும் அம்மா படியில் அப்படியே உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துவிட்டு, "உன் சித்தப்பா நல்லா இருக்கணும்டா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் பார்த்தேன். இனி வருஷம் முழுக்க ரிப்பேர் அக்காவே வந்து பார்ப்பார் என்று ஒப்பந்தமும் ஆகிவிட்டது. ஆகவே அம்மா சார்பிலும் கால்குலேட்டர் சார்பிலும் உங்களுக்குக் கோடி நன்றி. இந்த வெற்றியில் முக்கால் பங்கு என்னுடையது என்றாலும், மீதிக் கால் பங்கை உங்களுக்கு முழுமனதோடு தருகிறேன்.

சித்திக்கு என் வணக்கம், தங்கைக்கு ஒரு செல்லக் குட்டு.

இப்படிக்கு,
நிறுவனத்தைக் காப்பாற்றியவன்

பின்குறிப்பு: இவ்வளவையும் அலுவலகத்திலேயே எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முதுகில் ஒரு ஸ்டிக்கர். 'உடையும் பொருள். கவனமாகக் கையாளவும்.' கால்குலேட்டர் மாமாவின் முதுகில் ஒட்டலாமென்று, ஏற்கெனவே பாதி உரித்த தாளில் இன்று காலை நான் அடிக்கப்போய், உள்ளே மாட்டிக்கொண்ட அதே வாசகம். பிரிண்டர் மறக்காமல் முதல் வேலையாக அதையே அடித்துக் கொடுத்திருக்கிறது. "நீயாவது சொல்லக் கூடாதாம்மா?" என்றேன். "கவனமாக் கையாளச் சொல்லியிருந்துச்சே" என்றாள். சித்தப்பா, அந்த முக்கால் பங்கையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.