டாக்டரம்மா கண்ணுக்கு எல்லோரும் சுகம்

சிகாகோவில் மகள் வீட்டில் இருக்கும் என் அருமைத் தங்கை வெர்னெலுக்கு, மிசிசிப்பி டார்லியிலிருந்து உன் அண்ணன், ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநரும் நீபோ மலை பாப்டிஸ்ட் சபையின் டீக்கனுமாகிய லியோட்டிஸ் கிரம்ப்டன், கர்த்தரின் கிருபையை முன்னிட்டு எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வெர்னெல். கை வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே ஊருக்கு வந்த டாக்டரைத் துரத்தப் பார்த்தோம் நாங்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் உனக்குக் காது கேட்காது, எனக்குப் பேச்சு நிற்காது, நடுவில் உன் அண்ணி அர்லீன் பக்கத்தில் நின்றுகொண்டு "சட்டுனு முடிங்களேன்" என்று கையை ஆட்டுவாள். ஆகையால் கடிதம்.

போன தடவை நீ வந்தபோது மெயின் ரோட்டுக் கிளினிக் பூட்டிக் கிடந்ததையும், நம் சபை கிறிஸ்துமஸ் குடிலின் ஒட்டகப் பொம்மையை அதற்குள் நிறுத்தி வைத்திருந்ததையும் பார்த்தாயே. டாக்டர் என்று யாராவது வருவார், ஒரு கோடையைத் தாங்குவார், கொசுவையும் பருத்திக்காட்டையும் பார்த்துப் பயந்து மெம்ஃபிஸுக்கு ஓடிவிடுவார். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். நம் பிள்ளைகளே தங்காத ஊரில் அடுத்த வீட்டுப் பிள்ளை எப்படித் தங்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்படிப்பட்ட ஊருக்கு அரசாங்கமே டெட்ராய்ட்டிலிருந்து ஒரு டாக்டரை அனுப்புகிறது என்றார்கள். ஒட்டகத்தை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றோம். காரிலிருந்து ஒரு பெண் இறங்கினார். நம் ஆள். நம் ஆள் என்றால் ஏதோ பாட்டன் வழியில் ஒரு சொட்டுக் கறுப்பு ரத்தம் என்கிற கணக்கில் இல்லை, வெர்னெல். நம் அம்மாவின் கறுப்பு, நம் அம்மாவின் நெற்றி, நெஞ்சில் குழாய், கோட்டில் டாக்டர் ரோசலின் பெல்லமி என்று தைத்த பெயர். எழுபது தாண்டிய இந்த உடம்பை எத்தனையோ டாக்டர்கள் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒருவர்கூட நம் ஆள் இல்லை என்பது அந்த நிமிஷம்வரை எனக்கு உறைத்ததே இல்லை. உலகம் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கியதும் எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் நீயே பார்த்துக்கொள்.

அங்கேதான் வந்தது வினை. அடுத்த நாளிலிருந்து ஊரே ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் கிளினிக்குக்குப் போக ஆரம்பித்தது. பெண்கள் தலைமுடியைப் படிய வாரி, தொப்பி வைத்து, கையுறை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் வீட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பளபளக்கும் ஷூவில் போனார்கள். சர்க்கரை ஏறிவிடக் கூடாது என்று முந்தின நாளே பட்டினி. ரத்த அழுத்தம் எகிறக் கூடாது என்று கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி மெதுவாக ஒரு பாட்டைப் பாடிவிட்டுத்தான் உள்ளே போவது. நம் சபையின் மூத்த தாயார் மதர் ட்ரூசில்லாவை உனக்குத் தெரியும், தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றாதவர் என்று பேர். அவர் டாக்டரம்மா முன்னால் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "எனக்கென்ன கண்ணு, கர்த்தர் கிருபையில அமோகமா இருக்கேன். நீ சாப்பிட்டியா? இளைச்சுப் போயிட்டியே" என்பார். டாக்டரம்மா, "உங்க கால் எப்படி இருக்கு மதர்? கொஞ்சம் பாக்கலாமா?" என்றால், "காலா? இருக்கு, ரெண்டும் இருக்கு" என்று வெண்ணெய் கேக்கை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். எல்லோரும் இதேதான். அந்தப் பெண் எதற்காக ராப்பகலாகப் படித்து வந்தாரோ, அதை மட்டும் ஒருவரும் அவரிடம் கொண்டுபோகவில்லை.

அப்படியானால் வியாதியெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பாய். அதை ஏற்றிக்கொண்டு போனது நான்தான். வியாழக்கிழமைதோறும் சபை வேனில் இருமலையும் வீக்கத்தையும் மூட்டுவலியையும் அடைத்துக்கொண்டு கார்விஸ் ஊருக்குப் போவேன், அங்கே டாக்டர் கேடி என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர். நல்ல மனுஷன், நிமிர்ந்து முகத்தைப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான். அவர்முன் வீட்டுச் செருப்போடும் கிழிந்த ஸ்வெட்டரோடும் போய் உட்கார எங்களுக்குக் கூச்சமே இல்லை. ஒருநாள் அவரே கேட்டார், "உங்க ஊர்லதான் டாக்டர் இருக்காங்களே, ஏன் இவ்வளவு தூரம்?" என்று. வேனில் வந்த அத்தனை பேரும் அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தார்கள். மதர் ட்ரூசில்லா சொன்னார்: "அந்தப் புள்ளைகிட்ட இந்த அசிங்கத்தையெல்லாம் காட்டச் சொல்றீங்களா?" அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது.

போன வியாழக்கிழமை அங்கே உட்கார்ந்திருக்கிறோம். மதர் ட்ரூசில்லா காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, கட்டைப் பிரித்து, புண்ணுக்குக் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார். கதவு திறக்கிறது. டாக்டரம்மா! யாரோ ஒரு நோயாளியைப் பற்றிப் பேச டாக்டர் கேடியைப் பார்க்க வந்திருக்கிறார். வெர்னெல், அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஸ்கூலில் பிடிபட்ட பிள்ளைகள் மாதிரி உறைந்துபோனோம். மதர் ட்ரூசில்லா கைப்பையைப் புண்மேல் வைத்து மறைத்துக்கொண்டு, "சும்மாதான் கண்ணு, இந்தப் பக்கம் வந்தோம்" என்றார். டாக்டரம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் வேன் சாவி தொங்கும் என் கையைப் பார்த்தார். "நல்லது டீக்கன் ஐயா, பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வேலையைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டார். திரும்பி வரும் வழியில் வேனில் யாரும் இருமக்கூட இல்லை.

சனிக்கிழமை பாஸ்டர் ஹிக்கம் வீட்டுக்கு ஓடி வந்தார். "லியோட்டிஸ், போச்சு. வேற ஊருக்கு மாத்தச் சொல்லி அவங்களே கேட்டிருக்காங்க. நாளைக்குச் சபைக்கு வந்து விடைபெறப் போறாங்களாம்" என்றார். அர்லீன் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். கீரை அடிப்பிடித்துப்போயிற்று, யாருக்கும் அதைப்பற்றிக் கவலை இல்லை. மறுபடி அந்த ஒட்டகம் கிளினிக்குக்குள் போவதை நினைத்தேன்.

இன்று ஞாயிறு காலை டாக்டரம்மா சபைக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில், கையில் ஒரு பூங்கொத்து. சாட்சி சொல்லும் நேரம் வந்தது. கர்த்தர் உங்களுக்குச் செய்ததைச் சொல்லுங்கள் என்று பாஸ்டர் கேட்டதும் வழக்கம்போல மதர் ட்ரூசில்லா முதலில் எழுந்தார். எழுந்தவர் இரண்டு கையாலும் தொப்பியைக் கழற்றினார். சபை மூச்சை இழுத்துக்கொண்டது. அந்த வெள்ளை முடியை நான் பார்த்ததே இல்லை. "கர்த்தர் எனக்கு நிறையச் செஞ்சிருக்கார். நான்தான் பொய் சொல்லிட்டு இருக்கேன். எனக்குக் கால்ல புண்ணு. ஆறாத புண்ணு. நாத்தம் வருது, அதுக்குத்தான் சென்ட்டு" என்றார். டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். மதர் விடவில்லை. "எங்கம்மாவுக்கு வலி எடுத்தப்ப ஆஸ்பத்திரி முன்வாசல் வெள்ளைக்காரங்களுக்குன்னு உள்ள விடல. பின்வாசலுக்குச் சுத்திப் போறதுக்குள்ள..." என்று நிறுத்தி, தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, "அந்த மாதிரிக் கோட்டுக்குள்ள எங்கம்மா மூஞ்சி இருக்கறத நான் உன்கிட்டத்தான் மகளே முதல்ல பாத்தேன். அந்த மூஞ்சிக்கு முன்னாடி என் புண்ண எப்படிக் காட்டுவேன்?" என்றார்.

டாக்டரம்மா பூங்கொத்தைப் போட்டுவிட்டு பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே ஓடி வந்து, அத்தனை பேர் முன்னாலும் முழங்காலிட்டு அந்தக் கட்டைப் பிரித்தார். அழுதுகொண்டே பிரித்தார். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா மதர்? என் கையில உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னு நெனச்சேன். நம்ம ஆளுன்னா மட்டமாத்தான் இருக்கும்னு நீங்களே நெனைக்கிறீங்கன்னு வீட்டுல உக்காந்து அழுதேன்" என்றார். "அடி பைத்தியக்காரி! நீ உசத்தின்னுதான்டி மறச்சோம்!" என்று மதர் அவர் தலையைக் கட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் சபையைப் பிடிக்க முடியவில்லை. ஒருவர் எழுந்து "எனக்கு மூலம்!" என்றார், "ஆமென்!" என்றது சபை. இன்னொருவர் "மாத்திரைய நாய்க்குத்தான் போட்டேன்!" என்றார், "அல்லேலூயா!" ஒவ்வொரு வியாதிக்கும் ஆர்கன்காரர் ஒரு இழுப்பு இழுத்தார். பாஸ்டர் ஹிக்கமே பிரசங்க மேடையிலிருந்து தம் மூத்திரச் சங்கதியை வெளியிட்டார், அவர் மனைவி விசிறியால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா அழுகையும் சிரிப்புமாக, "நாளைக்குக் காலையில எல்லாரும் வாங்க. தூங்கி எழுந்த உடுப்போட வாங்க. வயித்துல சாப்பாட்டோட வாங்க" என்றார். என்ன அதிசயம் பார், வெர்னெல்! எங்கோ டெட்ராய்ட்டில் ஒரு தாய் பெற்ற பிள்ளை, நம் சபைத் தரையில் உட்கார்ந்து நம் புண்ணைத் தொடுகிறது. ஆனால் ஊரைவிட்டுப் போவதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கேட்கும் தைரியம் எங்களுக்கும் இல்லை. நான் மட்டும் எழுந்து சாட்சி சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையே.

ஆகவே உன்னை ஒன்று கேட்கிறேன். உன் சபையாரிடமும் சொல்லி, டார்லி ஜனங்கள் அத்தனை பேரும் சீக்கிரமாகக் குணமாகவேண்டும் என்று உருக்கமாக ஜெபியுங்கள். தாம் கைவைத்தால் குணமாகிறது என்று தெரிந்தால் டாக்டரம்மாவுக்கும் இங்கே இருக்க மனசு வரும். அர்லீன் உனக்கும் மகளுக்கும் முத்தங்கள் அனுப்புகிறாள். ஆண்டவர் உன்னையும் உன் காதையும் காப்பாராக.

உன் அன்பு அண்ணன்,
லியோட்டிஸ்

பின்குறிப்பு: திங்கள் மத்தியானம். தபாலில் போடுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். காலையில் எல்லோரையும் கிளினிக்கில் இறக்கிவிட்டு, நான் சும்மா ஓட்டுநராக உள்ளே போய் நின்றேன். தரையெல்லாம் ரத்தம். "யாரோடது?" என்று நர்ஸ் கத்தினாள், எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தார்கள், நான் மட்டும் மற்றவர்கள் காலைப் பார்த்தேன். டாக்டரம்மா நேரே என்னிடம் வந்து, "டீக்கன் ஐயா, ஷூவக் கழட்டுங்க" என்றார். வேன் தரைவிரிப்பின் ஆணி ஒன்று ஷூவின் அடியிலிருந்து ஏறி என் பாதத்துக்குள் நின்றுகொண்டிருந்தது, வெர்னெல்! நான் அதன்மேல் நடந்துகொண்டிருந்திருக்கிறேன். "வலிக்கவே இல்லம்மா" என்றேன் பெருமையாக. "அதுதான் ஐயா எனக்குப் பயம்" என்றார். சர்க்கரை ஏகத்துக்கு ஏறி, கால் மரத்தே போய்க் கிடக்கிறதாம். என் காலை மடியில் வைத்துக் கழுவினார், நம் அம்மாவுக்குப் பிறகு அதை யாரும் கழுவியதில்லை. மனசைக் கெட்டியாக்கிக்கொண்டு கேட்டேன், "எப்பம்மா கெளம்புறீங்க?" என்று. அவர் நிமிரவே இல்லை. "இந்தக் கால் ஆறாம நான் எங்கயும் போறதா இல்ல" என்றார்.

ஆகையால் மேலே கேட்ட ஜெபத்தை உடனே நிறுத்து. மற்றவர்கள் எப்படியோ குணமாகட்டும். என் காலைப் பற்றி ஆண்டவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.