செவ்வாய்க்கிழமை வாயைக் கட்டிய உபதேசியார்

மதம் பரப்பக் கிளம்பி, பதினோரு வருஷம் சைக்கிள் மிதித்து, ஒரே ஒரு ஆளைக்கூட மதம் மாற்றாமல் ஓய்வு பெற்ற மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வாய்க்கட்டு உபதேசியார். இதில் அவரோடு போட்டிக்கு வர யாராவது இருந்தால் சொல்லுங்கள், பந்தயம் கட்ட நான் தயார்.

சொந்தப் பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. திருத்துறைப்பூண்டியைச் சுற்றியிருந்த கிராமங்களில் அவர் சைக்கிள் போகாத வரப்பு கிடையாது. புயல் அடித்துப் போட்ட சீமை அது. கழக ஆட்சி வந்த புதிது. ஊருக்கு ஊர் கூலிச் சண்டை. மிஷன் பங்களாவில் அவருக்குக் கொடுத்த வேலை இரண்டு: ஏழைகளுக்குக் கோதுமையும் பால் பவுடரும் கொடுக்க வேண்டும், வேதம் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் அது லஞ்சம் என்று மனிதர் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஆகவே செவ்வாய்க்கிழமை சாமான் மட்டும். வெள்ளிக்கிழமை வேதம் மட்டும்.

செவ்வாயன்று வாய் தவறி ஒரு ‘ஸ்தோத்திரம்’ விழுந்துவிடக் கூடாதே என்று துண்டால் வாயை இறுக்கக் கட்டிக்கொள்வார். எல்லாம் ஜாடைதான். ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசையில் நின்ற அஞ்சலை என்ற நடவுக்காரியின் காலருகே நல்ல பாம்பு ஒன்று வந்துவிட்டது. கத்தலாம், கத்த மாட்டார். கையைக் காலை உதறி, எகிறிக் குதித்து, தலையை ஆட்டி என்னென்னவோ செய்தார். வரிசையே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“உபதேசியாரய்யாவுக்கு சாமி வந்துடுச்சுடி! வேப்பிலை கொண்டாங்க!”

வேப்பிலை வந்தது, கற்பூரமும் வந்தது. புகையில் பாம்பு மிரண்டு ஓடிவிட்டது. எந்த சாமி வந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இதற்கு நேர்மாறு. வாய் திறந்திருக்கும், சட்டைப் பைகள் இரண்டும் வெளியே இழுத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும், உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்கு சாட்சியாக. அன்றைக்கு ஒரு கிழவர் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கேட்டதற்குக்கூடக் கையை விரித்துவிட்டார். “இன்னைக்கு வெள்ளிக்கிழமை பெரியவரே. பொடியைக் குடுத்து ஆத்துமாவைப் புடிச்சான்னு நாளைக்குப் பேச்சு வரும்.” பேச்சு வரும் என்று பயந்தாரே தவிர, கேட்க ஆள் வந்ததில்லை. சாமான் இல்லாத நாளில் வேதம் கேட்க யார் வருவார்கள்? இரண்டு ஆடும் ஒரு செவிட்டுக் கிழவியும்தான் அவருடைய சபை.

நான் அப்போது எதிர்முகாம். கருப்புச் சட்டை, சுருட்டு மீசை, கடவுள் இல்லவே இல்லை என்று டீக்கடை டீக்கடையாகப் பிரசங்கம். புயல் நிவாரணக் கமிட்டி ஒன்றின் திருத்துறைப்பூண்டி ஆபீசில் எழுத்தர் வேலை. சாதி பார்க்காது, மதம் பார்க்காது எங்கள் கமிட்டி. அந்தத் திமிரில் ஒரு நாள் அவர் சைக்கிளை மறித்தேன்.

“என்னங்க உபதேசியாரே, இந்த வாரம் எத்தனை ஆத்துமா?”

“ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க எப்படிக் குடுக்குறீங்க, அதைச் சொல்லுங்க.”

பெருமையாகச் சொன்னேன். முதலில் சத்துணவு பற்றி முக்கால் மணி நேர விளக்கம், படம் போட்டு. பிறகு கைநாட்டு. பிறகு போட்டோ. அதற்குப் பிறகு பால் பவுடர்.

“புள்ளை அழுதுக்கிட்டு இருக்கும்போது முக்கா மணி நேரமா?”

“வைட்டமின் பத்தித் தெரிய வேணாமாங்க?”

“நான் வேதத்தைச் சொல்லாம குடுக்குறேன். நீங்க வைட்டமினைச் சொல்லிட்டுத்தான் குடுக்குறீங்க. இதுல உபதேசியாரு யாரு தம்பி?”

சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று இரண்டு டீ குடித்தும் ஆறவில்லை.

அந்த வருஷ அறுவடைக்கு அஞ்சலையின் தெருவில் நாற்பது குடும்பமும் வேலைக்குப் போக மறுத்தது. கூலியில் அரைப் படி நெல் கூட்டித் தர வேண்டும் என்பது கோரிக்கை. ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான பெரிய பண்ணை, “பசிச்சா வருவாளுங்க” என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் போட்ட கணக்கில் தப்பில்லை. அந்தத் தெருவில் அடுப்பு எரிந்தது உபதேசியாரின் செவ்வாய்க்கிழமைக் கோதுமையால்தான். அது நின்றால் மறுநாளே பழைய கூலிக்குக் கருக்கரிவாளைத் தூக்க வேண்டும்.

நிற்கத்தான் போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மிஷனுக்கு அவர் அறிக்கை எழுத வேண்டும். ‘ஞானஸ்நானம் பெற்றோர்’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் பூஜ்யம் போட்டு, இடம் வீணாகக் கூடாதே என்று பக்கத்தில் ‘மழை நன்றாக உள்ளது’ என்று எழுதிவிடுவார். பங்களாவில் பொறுமை போய்விட்டது. இந்த முறையும் பூஜ்யம் என்றால் சாமான் வேறு ஊருக்கு என்று கடிதம் வந்தது. கோதுமை நிற்கப்போவதை மறைக்கக் கூடாது என்று, வெள்ளிக்கிழமை தெருவில் நின்று அதை அப்படியே படித்துக் காட்டிவிட்டார்.

அஞ்சலை சாதாரணப் பொம்பளை இல்லை. பெரிய பண்ணையின் காரியஸ்தரை நடு வயலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவள். அன்றே தெருவைக் கூட்டிப் பேசி முடித்துவிட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை உபதேசியார் வாய்க்கால் மதகைத் தாண்டி வருகிறார், துண்டு வாயில் இருக்கிறது. எதிரே நாற்பது குடும்பமும் குளித்து முழுகி, ஈரத்தலையோடு கரையில் நிற்கிறது. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

“உபதேசியாரய்யா, எங்க அத்தனை பேருக்கும் முழுக்குக் குடுத்துடுங்க. பேரு எழுதிக்குங்க. கோதுமை நிக்கக் கூடாது.”

பதினோரு வருஷமாக ஒரு ஆத்துமா கிடைக்காதவருக்கு ஒரே காலையில் ஒரு தெருவே கிடைக்கிறது! மனிதர் என்ன செய்தார்? முடியாது என்று தலையை ஆட்டினார். அவர் வெட்கப்படுகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டு கையையும் ஆட்டினார். ஆசீர்வாதம் என்று நினைத்துக் குனிந்தார்கள். வேறு வழியில்லாமல் சைக்கிளைத் திருப்பி மிதி மிதி என்று மிதித்தார். நாற்பது குடும்பமும் பின்னாலேயே ஓடியது. “முழுக்கு! முழுக்கு!” வாய்க்கால் கரையில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. திருப்பத்தில் சக்கரம் வழுக்கி, சைக்கிளும் மூட்டையும் கரையில், உபதேசியார் தண்ணீரில். அன்றைக்கு முழுக்கு வாங்கியது அவர் ஒருவர்தான்.

எழுந்து நின்றார். துண்டு தண்ணீரோடு போய்விட்டது. ஒரு செவ்வாய்க்கிழமையில் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

“வேணாம் அஞ்சலை. வயித்துக்காக வாங்குனா அது ஞானஸ்நானம் இல்ல.”

“தலையில தண்ணி ஊத்துனா என்னங்கய்யா கொறைஞ்சிடும்? எங்க காளியும் ஒண்ணும் சொல்ல மாட்டா.”

“பெரிய பண்ணைகிட்ட குனிய மாட்டோம்னு மூணு வாரமா நிமிந்து நிக்கிறீங்க. என்கிட்ட வந்து குனியலாமா? நான் அவரைவிட மோசமா?”

கரையேறி வந்தார். மூட்டையை அவரே பிரித்து எல்லாருக்கும் அளந்து கொடுத்துவிட்டு, அந்த முறையும் பூஜ்யம் எழுதி அனுப்பினார். மழையைப் பற்றி எழுதவில்லை. சொன்னபடியே சாமான் நின்றுவிட்டது.

அடுத்த வாரம் என் ஆபீசுக்கு வந்தார்.

“தம்பி, உங்க குடோன்ல மூட்டை அடுக்கியிருக்கு. அந்தத் தெருவுல ரெண்டு நாளா அடுப்பு புகையல.”

“எங்களுக்கு மதம் ஒரு தடையே இல்லீங்க. ஆனா நெஜமான ஏழைதான்னு ஊர்ல நிலம் உள்ளவர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அந்த ஊருக்குப் பெரிய பண்ணைதான்.”

“அவரு போடுவாரா?”

“மாட்டாரு.”

“ஓகோ. சாமியைப் பாக்க மாட்டீங்க, பண்ணையைப் பாப்பீங்க.”

கேலியாகச் சொல்லவில்லை. சந்தேகம் தீர்ந்தவர் போலத்தான் சொன்னார். எனக்கோ சுருக்கென்றது. தன் மிஷன் கேட்ட விலையைக் கொடுக்க மறுத்து இவர் வெறுங்கையோடு நிற்கிறார். என் கமிட்டியும் ஒரு விலை கேட்கிறது என்பது இத்தனை நாள் என் பகுத்தறிவுக்கு எட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது. விண்ணப்பக் கட்டை எடுத்தேன். கையெழுத்துக் கட்டத்தில் என் பெயரையே நாற்பது முறை எழுதினேன். வேலை போனால் போகட்டும் என்று குடோனைத் திறந்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. இருந்தாலும் மாட்டு வண்டியில் ஏறியதும் துண்டைக் கட்ட ஆரம்பித்தவர், இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினார்.

“எனக்கு எதுக்குங்க?”

“கட்டுங்க தம்பி. உங்க வாய் எனக்குத் தெரியாதா? கோதுமையோட சேத்து கடவுள் இல்லைங்கறதையும் குடுத்துட்டு வந்துடுவீங்க.”

கட்டிக்கொண்டேன். கருப்புச் சட்டையும் வாய்க்கட்டுமாக நான் மூட்டை இறக்கியதைப் பார்த்து அஞ்சலை, “ஐயையோ, இந்தத் தம்பியையும் மாத்திப்புட்டீங்களா!” என்று தலையில் கை வைத்தாள். படம் காட்டவில்லை. போட்டோ எடுக்கவில்லை. அன்று அந்தத் தெருவில் நாற்பது அடுப்பும் எரிந்தன.

பெரிய பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தார். கூலிச் சண்டை என்று கேள்விப்பட்டதும் அவர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். ஐந்தாம் வாரம், கதிர் முற்றி உதிரத் தொடங்கியதும், அரைப் படிக்கு ஒத்துக்கொண்டார். அதே வாரம் என் கையெழுத்து தஞ்சாவூர் தலைமை ஆபீசுக்குத் தெரிந்து, எனக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது.

பெட்டியைக் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம் சொல்லிக்கொள்ள அஞ்சலையின் தெருவுக்குப் போனேன். தெருவே வாசலில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வீடு கூலி நெல் இருந்தது, யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“இப்ப எங்களுக்கு உங்ககிட்ட ஆக வேண்டியது ஒண்ணுமில்ல உபதேசியாரய்யா. அதான் கேக்குறோம். உங்க சாமி கதையைச் சொல்லுங்க,” என்றாள் அஞ்சலை.

பதினோரு வருஷத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தொண்டையைக் கனைத்தார், பிறகு ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். மீன் கதை, ரொட்டிக் கதை, காணாமல் போன ஆட்டின் கதை. முகம் முழுக்கச் சிரிப்பு. முடிந்ததும் “நல்ல சாமிதான்” என்று சொல்லிவிட்டு எல்லாரும் எழுந்து சோறாக்கப் போனார்கள். ஒருவரும் மாறவில்லை. அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

கடவுள் இல்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அன்று மண் தரையில் அமர்ந்து அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருக்காகவாவது ஒருவர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மனதார ஆசைப்பட்டேன்.