இரட்டையர் பட்டமும் ஒரு ஒட்டியாணமும்

செத்த வீட்டில் எதைப் பேசக்கூடாது என்பதில் எங்கள் ஆட்களுக்கு நல்ல தெளிவு உண்டு. சொத்துச் சண்டை, சீட்டுப் பிடித்தவன் ஓடிய கதை, யாருடைய மகள் யாருடன் போனாள் என்பதையெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் பேசுவார்கள். மண்டபத்துக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஆனால் ஜப்பான் மல்யுத்தத்தின் இரட்டையர் பட்ட வரலாற்றை ஒலிவாங்கி பிடித்துச் சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் சொன்னேன். (சொல்லித் தந்திருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா என்பது வேறு கேள்வி.)

செத்தவர் என் அக்காவின் கணவர், குகன் அத்தான். ஊரைவிட்டு ஓடி லண்டனுக்கு வந்து சேருமுன் ஜெர்மனியில் ஒரு அகதி விடுதியில் சில காலம் கிடந்தவர். அந்த விடுதியில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. எந்த நாட்டு நிகழ்ச்சியைப் போட்டாலும் மற்ற நாட்டுக்காரர் சண்டைக்கு வருவார்களாம். ஜப்பான் மல்யுத்தம் போட்டால் மட்டும் அமைதி. பேச்சு ஒருவருக்கும் விளங்காது, அடி எல்லோருக்கும் விளங்கும். அத்தானுக்கு அங்கே பிடித்த பைத்தியம் கடைசிவரை தெளியவில்லை.

லண்டனில் அந்தப் பைத்தியத்துக்குக் கிடைத்த துணை நான். ஜப்பானில் ஞாயிறு மாலை நடக்கும் போட்டி வெம்பிளியில் ஞாயிறு காலைக்கு வந்துவிடும். அக்கா ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு வெளிக்கிடும் நேரமும் அதுதான். வாசலில் நின்று எங்களைப் பார்த்து, "ரெண்டு எருமையளையும் வீட்டில விட்டிட்டு வாறன் முருகா, சோபாவைக் காப்பாத்து" என்று சத்தமாக வேண்டிக்கொண்டு போவாள்.

இரட்டையர் பட்டம் என்றால் இரண்டு பேர் சேர்ந்து மோதி, சேர்ந்து வெல்லும் பட்டம். ஆளுக்கொரு பெல்ட். யார் யாரிடமிருந்து எந்த ஊரில் வென்றார்கள் என்று முதல் சோடியிலிருந்து கடைசிச் சோடிவரை எங்கள் இருவருக்கும் மனப்பாடம். (தேவாரத்தில் இரண்டு வரிக்குமேல் தெரியாது.) அந்தப் பட்டத்துக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. சோடியில் ஒருவருக்கு ஏலாமல் போனால் மற்றவர் தனியாகப் பட்டத்தை வைத்திருக்க முடியாது. இரண்டு பெல்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். புதிய சோடி வரும்வரை பட்டம் காலி.

அத்தான் எங்கெங்கோ தேடி அந்தப் பெல்டுகளின் மாதிரிகள் இரண்டை ஜப்பானிலிருந்து தருவித்திருந்தார். தடித்த தோல், நடுவில் தாம்பாளம் அளவுக்குப் பொன்முலாம் பூசிய தகடு. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வளர்ந்த ஆண்கள் இடுப்புச் சாரத்துக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். பிள்ளை இல்லாத வீட்டை நாங்கள் இருவரும் நிரப்பிவிட்டோம் என்று அக்கா சொல்வாள். அதைப் பாராட்டாகச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு அத்தானுக்கு வருத்தம் வந்தது. குடலில் புற்றாகத் தொடங்கி ஈரலுக்கு ஏறியது. பெல்டின் கடைசித் துளையில் போட்டாலும் இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் அது வழுக்கிக் காலடியில் விழுந்தபோது இருவரும் சிரித்தோம். பிறகு அதை நான் மேசையில் வைத்தேன், அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா தேத்தண்ணி வாங்கப் போன நேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தயா, நான் போனாப் பட்டம் காலி. தெரியுந்தானே?"

"விசர்க்கதை கதையாதேங்கோ அத்தான்."

"விசர்க்கதை இல்லையடா. ரெண்டும் என்னோட வரோணும். நீ தனிய வச்சிருக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அந்தக் கிழமையே அவர் போய்விட்டார்.

அக்கா அழுது முடித்ததும் முதலில் செய்த காரியம் என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனதுதான். "பெட்டிக்குள்ள பட்டு வேட்டியும் சால்வையும் பூவும்தான். உங்கட சண்டைச் சாமான் ஒண்டும் வரக்கூடாது. ஆரும் சிரிக்காமல் அவரை மரியாதையா அனுப்போணும் எனக்கு. விளங்குதோ?"

"விளங்குது அக்கா."

ஆக ஒரே கிழமைக்குள், செத்தவருக்கு ஒரு சத்தியம், உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு சத்தியம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. போதாக்குறைக்கு, சவ ஏற்பாடு செய்யும் வெள்ளைக்காரரும் தோலோ இரும்போ எரிக்கும் பெட்டிக்குள் வைக்கவே கூடாது என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார். புத்தியுள்ளவன் அங்கேயே விட்டிருப்பான். நான் ஒரு பெரிய ஓவர்கோட் வாங்கினேன்.

சவம் எடுக்கும் அன்றைக்கு ஒரு பெல்டை இடுப்பிலும் மற்றதை நெஞ்சிலும் கட்டி, மேலே ஜிப்பா, அதற்கு மேலே ஓவர்கோட். மண்டபத்துக்குள் ஹீட்டர் முழு மூச்சாக வேலை செய்தது. கிரியை செய்துகொண்டிருந்த அத்தானின் தம்பி வெறும் மேலோடு நின்றும் வேர்த்துப் போயிருந்தார். நான் அவித்த பனங்கிழங்காக நின்றேன். செத்தவருக்குச் சாத்தும் சுண்ணம் இடிக்கக் கூப்பிட்டார்கள். உலக்கையைப் பிடித்தேன், குனிய ஏலவில்லை. தகடு வயிற்றில் வெட்டியது. கண்ணில் நீர் வந்தது.

"பாருங்கோ, துக்கத்தில பெடியனுக்குக் குனியவும் ஏலாமக் கிடக்கு" என்றார் பரமேஸ் மாமி. மாமி எங்கள் அப்பாவின் தங்கை. லண்டனில் எந்தச் செத்த வீட்டிலும் முன்வரிசையில் இருப்பவர். அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட கடைசி நல்ல வார்த்தை அது.

வாய்க்கரிசி போட வரிசை தொடங்கியது. நான் கடைசி ஆளாக நின்று, முதல்நாள் ஒத்திகை பார்த்தபடி கோட்டுக்கும் ஜிப்பாவுக்கும் கீழே கைவிட்டு இரண்டையும் கழற்றி, குனிந்து அழுவதுபோல அத்தானின் சால்வைக்குள் செருகிவிட்டேன். பாதி நடிப்புத்தான். அவருடைய கை தட்டுப்பட்டபோது நடிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு குளிராக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "சரி அத்தான், குடுத்திட்டன்" என்று மெல்லச் சொன்னேன். மூடியைப் போட்டு மூடினார்கள். அக்காவைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு சத்தியத்தையும் காப்பாற்றிவிட்ட பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது. (பெல்ட் கழன்றதாலும் இருக்கலாம்.)

பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். தலைமாட்டில் உயரமானவர்கள், கால்மாட்டில் குள்ளமானவர்கள். இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பெட்டி சரிந்தது. உள்ளே சறுக்கிக்கொண்டு போன இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று மோதி, கால்மாட்டுப் பலகையிலும் இடித்தன.

டங். டக் டக்.

தூக்கியவர்கள் அசையாமல் நின்றார்கள். குருக்கள் மந்திரத்தை நடுவில் விட்டார்.

"உள்ளுக்குள்ள தட்டிக் கேக்குது!" என்றார் மாமி. "ஐயோ, உயிர் கிடக்கு! குகனுக்கு உயிர் கிடக்கு! திறவுங்கோடா!"

அப்போது நான் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். மாதக்கணக்கில் செத்துக் கிடந்த முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. அவள் எழும்பி, "இஞ்சேருங்கோ" என்று அத்தானைக் கூப்பிட்டபடி பெட்டியை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு நொடிதான்.

பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார்கள். அத்தான் முன்புபோலவே செத்துக் கிடந்தார். சால்வை விலகி, அவருடைய காலடியில் இரண்டு பொன் தகடுகள் பளபளத்தன.

"அம்மாளாச்சி!" என்றார் மாமி. "ஒட்டியாணம்! ரெண்டு ஒட்டியாணம்!"

பிறகு நடந்ததை யாராலும் நிறுத்த முடியவில்லை. பின்வரிசைக்குச் செய்தி போய்ச் சேரும்போது, குகன் தங்கத்தைப் பதுக்கி வைத்திருந்தார், வரிக்காரருக்குப் பயந்து குடும்பமே அதை எரிக்கப் பார்க்கிறது என்று வளர்ந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்துக் கதைகள் அத்தனையும் மண்டபத்துக்குள் வந்துவிட்டன. வெள்ளைக்காரர் கையுறை போட்டுக்கொண்டு பெல்டுகளைத் தூக்கி, யாருடையது என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

அஞ்சலி உரைக்கு வைத்த ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்தது. வதந்தியை நிறுத்த வேண்டும், அத்தானின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று அதைப் பிடித்தேன்.

"இது தங்கம் இல்லை. ஒட்டியாணமும் இல்லை" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இது ஜப்பான் இரட்டையர் பட்டம்" என்றேன். அதிலும் நிறுத்தியிருக்கலாம். யாருக்கும் விளங்கவில்லை என்று முகங்களில் தெரிந்தது. அதனால் முதலிலிருந்து தொடங்கினேன்.

முதல் சோடி இரண்டு அமெரிக்கர்கள் என்றேன். அவர்களிடமிருந்து பட்டத்தை மீட்டவர்கள் மலைபோன்ற ஒரு முன்னாள் சுமோக்காரரும் அவருடைய தோளுக்குக்கூட வராத ஒரு மீன்கடைக்காரரும் என்றேன். மீன்கடைக்காரருக்குக் கழுத்து முறிந்தது, பட்டம் காலி. அடுத்த சோடி தங்களுக்குள்ளேயே சண்டைபிடித்து அதே பெல்டுகளால் மண்டையை உடைத்துக்கொண்டது, பட்டம் காலி. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம், ஒலிவாங்கி பிடித்தவனை யாரும் நிறுத்த மாட்டார்கள். அதுவும் செத்த வீட்டில் நிறுத்தவே மாட்டார்கள். குருக்களுக்கு சவுத்தாலில் இன்னொரு செத்த வீடு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே அடுத்த பிணத்தின் கார் வந்து நின்றது. "பவுண் எண்டால் கிராம் என்ன விலை போகும்?" என்று யாரோ பின்வரிசையில் விசாரித்தது முன்னுக்கு நின்ற எனக்கே கேட்டது.

நான் சோடி சோடியாகச் சொல்லிக்கொண்டு போனேன். கடைசியில், சோடியில் ஒருவர் வருத்தம் வந்து செத்துப்போன இடத்துக்கு வந்தேன். மற்றவர் தனியாக மேடைக்கு வந்து, இரண்டு பெல்டையும் நடுவில் வைத்துக் குனிந்து கும்பிட்டார். கூட்டம் முழுக்க எழும்பி நிற்க, பத்துத் தரம் மணி அடித்தார்கள். ஜப்பான் மல்யுத்தத்தில் செத்தவருக்குச் செய்யும் மரியாதை அதுதான். "பத்துத் தரம்" என்றேன். ஒலிவாங்கிக்குள் விம்மினேன்.

அக்கா வந்து ஒலிவாங்கியை என் கையிலிருந்து பிடுங்கி நிறுத்தினாள்.

"போதும்" என்றாள். "நான் என்ர மனுசனை எரிக்கோணும்."

பெல்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், இரண்டையும் பிள்ளைபோலக் கையில் ஏந்திக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனேன். அத்தானுக்குக் கொடுத்த சத்தியமும் போயிற்று, அக்காவுக்குக் கொடுத்ததும் போயிற்று. சனம் சிரிக்கவில்லை என்பது மட்டும்தான் மிச்சம். அதுவும் கார் நிறுத்துமிடம் வரைக்கும்தான்.

அதன்பிறகு அக்கா என்னுடன் பேசவில்லை. நான் அழைத்தாலும் போனை எடுக்க மாட்டாள். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முதல்நாள் அவளே அழைத்து, "உதுகளைக் கொண்டுவா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

போனேன். முப்பத்தோராம் நாள் வீடு நிறையச் சனம், அத்தானின் படத்துக்கு முன்னால் அக்கா படையல் போட்டிருந்தாள். இடியப்பம், சொதி, அவர் ஒளித்துத் தின்னும் பொரித்த கோழி. பெல்டுகளை வாங்கி, ஒன்றைப் படத்துக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமுமாக வைத்தாள்.

"அண்டைக்குச் சத்தம் கேக்கேக்க நான் என்ன நினைச்சன் தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

"உன்னைக் கொல்லோணும் போலக் கிடந்தது." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "சத்தம் பொய்தான். ஆனா அவர் எழும்பிட்டார் எண்டு ஒரு செக்கன் இருந்தன் பார், அதை வேற ஆரும் எனக்குத் தரேல்லை."

வந்திருந்த சனத்துக்கு முன்னால் அவள் பூசை மணியை எடுத்து என் கையில் தந்தாள்.

"எத்தினை தரம் எண்டாய்?"

"பத்து."

அடித்தேன். தீபம் காட்டுகிறார்கள் என்று நினைத்துச் சனம் எழும்பிக் கும்பிட்டது. பரமேஸ் மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா படத்தைப் பார்த்தபடி நின்றாள். எங்கள் பட்டம் அன்றைக்கு முறைப்படி காலியானது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் வந்தாலும் மாமி என்னைத் தேடிப்பிடித்து, "தம்பி, பொம்பிளைக்கு ஒட்டியாணம் உன்ர பொறுப்பு" என்பார். யாருடைய வீட்டுக் குசினியில் சட்டி விழுந்தாலும், மூடி உருண்டாலும், "குகன் எழும்பிட்டார்" என்று ஒரு குரல் வரும், வீடே சிரிக்கும். லண்டனில் பிறந்த பிள்ளைகள்கூட அதைத் தமிழில்தான் சொல்கிறார்கள்.

இப்போதெல்லாம் அதை முதலில் சொல்கிறவள் அக்காதான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறவளும் அவள்தான். ஆனால் நான் ஒவ்வொரு தரமும் பார்த்திருக்கிறேன். சட்டி விழுந்ததும் முதலில் சத்தம் வந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள். பிறகுதான் சொல்வாள்.