தனிமைப் பாடத்தில் முதல் மதிப்பெண்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த மகத்தான விஷயம், எதிர் அறையில் இருப்பவரைக் கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பதுதான். இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. எதிர் அறைக்கு நடந்துபோய்ப் பார்ப்பது என்ன பெரிய காரியம்? கால் இருக்கிற எவனும் அதைச் செய்துவிடுவான். அதற்குப் படிப்பு வேண்டாம், கருவி வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். அதனால்தான் அதில் நாகரிகமும் இல்லை.

இந்த உண்மையை ஊருக்கு முன்பாக உணர்ந்துகொண்ட பெருமை அந்த ஓய்வுக் குடியிருப்பைச் சேரும். மூன்று மாடிக் கட்டடம். நீளமான நடைக்கூடம், அதன் இரு பக்கமும் அறைகள், அறைக்கு ஒரு பெரியவர், பெரியவருக்கு எதிரே சுவரில் ஒரு திரை, திரைக்கு மேலே ஒரு பொட்டுக் கேமரா. 'மெய்நிகர் கல்வித் திட்டம்' என்று இதற்குப் பெயர். இதில் சேர்ந்தவர்கள் கடலுக்கு அடியில் போய் வந்தார்கள். வியாழன் கிரகத்தைச் சுற்றி வந்தார்கள். கட்டிலைவிட்டு இறங்காமலே 'தோட்ட நடை'யும் போனார்கள். அந்தத் தோட்டம் குடியிருப்பின் சொந்தத் தோட்டம்தான். படம் பிடித்து முடித்ததும் அதன் கதவைப் பூட்டிவிட்டார்கள். ஆளாளுக்கு உள்ளே போய்ப் பூவைத் தொட்டுவிட்டால், அப்புறம் தோட்டம் படத்தில் இருக்கிற மாதிரி இருக்காதல்லவா?

எல்லோரும் கூடி உட்காரும் பொதுக்கூடம் ஒன்று இருந்தது. அதற்கும் விடிவுகாலம் பிறந்தது. நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டு அதைக் 'கல்வி ஒளிபரப்பு நிலையம்' ஆக்கினார்கள்.

நாற்காலி போனதில் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் மூன்றாவது மாடியில் இருந்த ஓட்டுநர். பணியில் இருந்த காலமெல்லாம் பஸ் நிறைய ஜனங்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர். முதுகுக்குப் பின்னால் சத்தம் இல்லையென்றால் அவருக்குத் தூக்கம் வராது. மனைவி போன பிறகு வீடு சத்தமில்லாமல் போயிற்று. மகள் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

அவருக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம், எதிர் அறையில் அவருடைய சம்பந்தி இருந்தார். மகளும் மருமகனும் ராத்திரி பகலாக யோசித்து இரண்டு அப்பாக்களையும் ஒரே கட்டடத்தில் சேர்த்திருந்தார்கள். பார்க்க வருவதற்கு ஒரே பயணம் போதும். வராமல் இருப்பதற்கும் ஒரே காரணம் போதும்.

சம்பந்தி பல்செட் செய்யும் தொழிலில் இருந்தவர். அந்தக் குடியிருப்பில் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் கைவண்ணத்தில்தான் சிரித்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் எந்த அப்பா பெயரை முதலில் போடுவது என்பதில் இந்த இரண்டு பேருக்கும் தொடங்கிய சண்டை, பிறகு சாயங்காலச் சீட்டாட்டமாக உருமாறி, பொதுக்கூடத்தில் செழித்து வளர்ந்திருந்தது. இப்போது ஆட இடம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் 'மகிழ்ச்சித் துறை இயக்குநர்' ஒரு புதிய பாடத்தை அறிவித்தார். 'தனிமையை வெல்வது எப்படி?' எல்லோருக்கும் கட்டாயம். பாடம் எடுப்பவர் இயக்குநர் அம்மையாரே. ஓர் அறைக்கு ஒரு மாணவர், கதவு சாத்தியிருக்க வேண்டும், காதில் ஹெட்போன் இருக்க வேண்டும். வகுப்பு நேரத்தில் அறைக்குள் இன்னொரு ஆள் இருந்தால் அது 'மனித உதவி'. முறைகேடு.

விளக்கக் கூட்டம் திரையில் நடந்தது. ஓட்டுநர் கையைத் தூக்கினார்.

"அம்மா, ஒரு சந்தேகம். தனிமை போகணும்னா நாலு பேரு ஒண்ணா உக்காந்து பேசினா போதாதா?"

"அது தற்காலிக நிவாரணம், சார்," என்றார் இயக்குநர் கனிவாக. "நாலு பேரும் ஒரு கட்டத்துல எழுந்து போயிடுவாங்க. திரை எழுந்து போகாது. நாங்க கொடுக்கிறது நிரந்தரத் தீர்வு."

"அப்ப கதவ எதுக்குச் சாத்தணும்?"

"கதவு திறந்திருந்தா யாராவது உள்ள வந்துடுவாங்க. தனிமை கலைஞ்சிடும். தனிமை இல்லாம அத எப்படி சார் வெல்றது?"

தத்துவம் என்று ஒன்று வந்துவிட்டால் ஓட்டுநர்கள் பேசாமல் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள்.

ஆனால் அவர் பேசாமல் இருந்தாரே தவிர, சும்மா இருக்கவில்லை. முதல் வகுப்பன்றைக்கே தம் அறைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, நடைக்கூடத்தைத் தாண்டி, சம்பந்தியின் அறைக்குள் நுழைந்தார்.

"என்ன சம்பந்தி, பாடம் நடக்குது. போங்க, போய் உங்க ரூம்ல உக்காருங்க."

"கேமரா எதுவரைக்கும் பாக்கும்?"

"தோளுக்கு மேலதான்."

"அப்ப நான் தோளுக்குக் கீழ உக்காந்துக்கறேன்," என்று சொல்லி, ஒரு முக்காலியைத் திரைக்கு அடியில் இழுத்துப்போட்டு, மடியில் தட்டை வைத்துச் சீட்டைப் போட்டார்.

அப்புறம் என்ன? வகுப்பு தவறாமல் நடந்தது. திரையில் இயக்குநர் மூச்சை எப்படி இழுத்து விடுவது, கண்ணாடியைப் பார்த்து எப்படிக் கைகுலுக்குவது என்றெல்லாம் கற்பித்தார். அதற்குக் கீழே ஓட்டுநர் ஜோக்கரை வேட்டி மடிப்பில் ஒளித்தார். சம்பந்தி ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், "யோவ் சம்பந்தி, மடியில என்ன அது" என்று வாதாடினார். ஜெயித்தபோதெல்லாம் தம் சொந்தத் தயாரிப்பான பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

இதையெல்லாம் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவுக்குப் பின்னால் இருந்த இயந்திரம் மார்க் போட்டுக்கொண்டிருந்தது. மனிதனை அளப்பதில் இயந்திரத்துக்கு நிகரில்லை. சம்பந்தியின் முகமலர்ச்சிக்கு முழு மார்க் போட்டது. அவர் வாயசைவைப் 'பாடத்துடன் உயிரோட்டமான உரையாடல்' என்று பதிவு செய்தது. பாதி மாணவர்கள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த வகுப்பில், ஒரு மனிதர் தன்னந்தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பதைக் கண்டு அந்த இயந்திரமே நெகிழ்ந்துபோயிருக்க வேண்டும்.

முடிவு வந்தது. பல்செட்டுக்காரர் முதலிடம். ஓட்டுநர் கடைசி. 'ஒரு வகுப்புக்கும் வரவில்லை' என்று அவர் பெயருக்கு நேரே போட்டிருந்தது.

சம்பந்திக்குத் தலைகால் புரியவில்லை. "பள்ளிக்கூடத்துல ஒரு பாடத்துலகூட நான் முன்ன வந்ததில்ல சம்பந்தி. எம் மகன் இருக்கானே, உங்க மாப்பிள்ளை, அவன் சின்ன வயசுலேருந்து சொல்லுவான், அப்பாவுக்குப் பல்லத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு. இப்ப போட்டோ எடுத்து அனுப்பப் போறேன்."

"அனுப்புங்க, அனுப்புங்க. பரிசு உண்டா?"

"இல்லாமயா? 'தனிக்குடில்' தர்றாங்களாம். சாலைக்கு அந்தப் பக்கம் புதுசாக் கட்டியிருக்காங்கல்ல, அது."

தனிமையை நன்றாக வென்றவர்களுக்குத் தனி வீடு. நியாயம்தானே? நீந்தத் தெரிந்தவனைத்தானே ஆழத்தில் இறக்குவார்கள்? குடில்களுக்குச் சுற்றுச்சுவர் உண்டு, வாசலில் காவலாளி உண்டு. இந்தக் கட்டடத்துக்காரர்கள் அங்கே போக முடியாது. பார்க்க வேண்டுமானால் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

எதிர் அறை காலியாகிவிட்டால் இந்த உலகத்தில் ஓட்டுநர் வாய்விட்டுச் சண்டை போட வேறு ஆள் இல்லை. மகளிடம் போட முடியாது, அவளுக்கு நேரம் இல்லை. மனைவியிடம் போட முடியாது, அவளே இல்லை. ஆனால் அறுபது வயசு தாண்டி முதல் தடவையாக முதல் மார்க் வாங்கி நிற்கிற மனிதரிடம் 'போகாதீங்க' என்று எந்த வாயால் சொல்வது?

"நல்ல இடம் சம்பந்தி," என்றார். "ஜன்னல் பெருசாம். போங்க."

"நீங்க வந்து பாப்பீங்கல்ல?"

"திரையிலதான?"

"ஆமா, திரையிலதான்," என்றார் சம்பந்தி. அப்போதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

அன்றைக்குச் சாயங்காலம் ஓட்டுநர் தம் அறையில் தனியாகச் சீட்டைக் கலைத்துப் போட்டு ஆடிப் பார்த்தார். ஜோக்கரை ஒளித்தும் பார்த்தார். தன்னிடமிருந்தே ஒளிப்பதில் ஒரு சுகமும் இல்லை. சீட்டை மூடி வைத்துவிட்டு, அழுகை வருகிற மாதிரி இருந்ததால் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

பட்டமளிப்பு விழா அடுத்த வாரம். 'பிரம்மாண்டமான' விழா என்பதால் ஒருவரும் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. ஒளிபரப்பு நிலையத்தில் இயக்குநர் மட்டும் ஒரு பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்றார். மாணவர்கள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுநரும் தம் கட்டத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். சம்பந்தியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது தவிர அவருக்கு வேறு நோக்கம் இல்லை.

"முதல் மாணவர் இப்ப பேசுவாங்க," என்றார் இயக்குநர். "தனிமைய எப்படி வென்றேன்னு தன் அனுபவத்தச் சொல்லுவாங்க."

சம்பந்தி கோட்டு போட்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தார். "இந்தப் பாடத்திட்டத்தின் துணையால், நான் எனக்குள்ளேயே ஒரு தோழனை..." அங்கே நின்றுவிட்டார். திரையை உற்றுப் பார்த்தார்.

"சம்பந்தி, உங்க முகம் ஏன் இப்படி இருக்கு? பல்வலியா?"

"ஒண்ணுமில்ல சம்பந்தி. நீங்க பேசுங்க."

"எனக்குள்ளேயே ஒரு தோழனை..." சம்பந்தி மறுபடியும் நின்றார். பிறகு கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். "அது கெடக்கட்டும் மேடம். உண்மையச் சொல்லிடறேன். எனக்குள்ள ஒரு தோழனும் இல்ல. திரைக்குக் கீழதான் இருந்தாரு. முக்காலியில. பாடம் முழுக்க நாங்க சீட்டு ஆடினோம். இந்த ஆளு ஏமாத்திட்டே இருந்தாரு, நான் சண்டை போட்டுட்டே இருந்தேன். நீங்க சொல்லிக்கொடுத்தது ஒரு வார்த்தைகூட என் காதுல விழல."

"அப்படின்னா," என்றார் இயக்குநர், "நீங்க மனித உதவி வாங்கியிருக்கீங்க."

"நிறைய வாங்கியிருக்கேன் மேடம்."

"இது கடுமையான முறைகேடு. உங்க முதலிடம் ரத்து. தனிக்குடில் கிடையாது. நீங்க ரெண்டு பேரும் அதே அறைகள்ல இருந்து, பாடத்த முதல்லேருந்து திரும்பப் படிக்கணும்."

ஓட்டுநர் வாழ்க்கையில் எத்தனையோ தண்டனைகளைப் பார்த்தவர். இப்படி ஒரு தண்டனைக்கு எழுந்து நின்று கும்பிட்டது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் ஹெட்போன் வயர் இழுத்துக்கொண்டு மேசைவிளக்கு கீழே விழுந்தது. அதை எடுத்து வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

விழா நிற்கக் கூடாதல்லவா? "அதே மார்க் வாங்கியும் அகர வரிசையில அடுத்த இடத்துல இருந்தவங்க இப்ப முதலிடம்," என்றார் இயக்குநர். "கீழ்த்தளத்து மாணவி. நூற்றுக்கு நூறு. மூணு மாசமா ஒரு வகுப்பு தவறல. முகமலர்ச்சி முழு மார்க். பாட நேரம்னு இல்ல, எந்த நேரத்துலயும் இவங்க அறைக்குள்ள ஒரு மனிதர்கூட வந்ததில்லைன்னு கேமராவே சாட்சி. எல்லாரும் கைதட்டுங்க."

கட்டங்கள் கைதட்டின. கீழ்த்தளத்து மாணவி கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றார். நெற்றியும் கண்ணாடியும்தான் தெரிந்தன. அவர் இயக்குநரைப் பெற்ற தாயார்.

"நான் பேசறது கேக்குதாம்மா?"

"கேக்குது. மாணவி தன் அனுபவத்தச் சொல்லலாம்."

"அனுபவம் என்னம்மா அனுபவம். வகுப்புல நீ வருவ. அதான் ஒரு நாளும் விடல. நீ திரையில சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துடும். சாப்ட்டியான்னு கேப்பேன், நீ பாட்டுக்குப் பாடம் சொல்லிட்டே இருப்ப. அது முன்னாடியே எடுத்து வெச்ச படம்னு அப்புறம்தான் நர்ஸம்மா வாசல்ல நின்னு சொன்னாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உன் ஆபீஸ் எனக்கு மேல்மாடிதான? செருப்புச் சத்தம் கேக்கும். படி ஏற முட்டி ஒத்துக்கல. இறங்கி வருவியோன்னு பாத்தேன். பரவால்ல, பரிசு குடுத்திருக்க."

இயக்குநர் அவசரமாக ஒரு பொத்தானைத் தட்டினார். தாயாரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, சத்தம் வரவில்லை. "நன்றி," என்றார் இயக்குநர். "தனிக்குடில் இவங்களுக்கு வழங்கப்படுது."

அதற்குள் ஓட்டுநரின் அறைக்கதவு தட்டப்பட்டது. சம்பந்தி கோட்டோடு நின்றார், கையில் சீட்டுக்கட்டு.

"கீழ போலாமா சம்பந்தி?"

"அந்தம்மாவுக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியலன்னா நீங்க ஏமாத்த வசதிதான? வாங்க."

இரண்டு குற்றவாளிகளும் படியிறங்கிப் போனார்கள்.

அந்தத் தாயாரின் சான்றிதழ் இப்போது குடியிருப்பின் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் நின்று படித்து வியந்துவிட்டுப் போகிறார்கள். 'எந்த மனித உதவியும் பெறாமல், முழுக்க முழுக்கத் தம் சொந்த முயற்சியால் நூற்றுக்கு நூறு' என்று அதில் பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. இதில் ஒரு சிறு பிழை இருக்கிறது. இப்பேர்ப்பட்ட நிறுவனத்தில் இப்படிப் பிழை வரக் கூடாது என்பதால் பணிவோடு சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. அந்த நூறு மார்க்கில் ஒன்றுகூட அம்மா தாமாக வாங்கியதில்லை. அத்தனையும் மகள் வாங்கிக் கொடுத்தது.