வெனிஸில் பதினைந்தாவது ஆள்

லண்டன் மாநகரில் சுற்றுலா கூட்டிப்போகிறவர்கள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். ஆனால் பயணிகளின் உச்சந்தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணி, ஒருவருக்கும் தலைமயிர் ஒழுங்காக நிற்கவிடாமல், ஐரோப்பா முழுவதையும் காட்டி முடித்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் மனோர் பார்க் பகுதியில் ஒருவருக்கும் ஆள் பிடிபடாது. ‘தலையெண்ணி’ என்றால் குழந்தையும் வீட்டைக் காட்டும்.

கிழமை நாட்களில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் கட்டில் விரிப்புகளை எண்ணுவது அவர் உத்தியோகம். விடுமுறை வந்தால் ஒரு கிழட்டு மினி பஸ்ஸில் எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டுவார். ஆரம்பத்தில் அவர் தலை எண்ணுகிறவர் அல்ல. முதற் பயணத்தில் பிரான்ஸில் ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்திப் புறப்பட்டு, ஒன்றரை மணித்தியாலம் ஓடிய பிறகுதான் பின்னாலிருந்து யாரோ, “அண்ணை, அக்கா எங்கை?” என்று கேட்டார்களாம். அக்கா என்றது அவருடைய சொந்த மனைவியை. தலைதெறிக்கத் திரும்பிப் போனால், அந்த அம்மா ஒரு மேசையில் தனியே இருந்தபடி நிமிர்ந்து பார்த்து, “ஏன் இவ்வளவு கெதியா வந்தனீங்கள்? நான் இன்னும் கோப்பி குடிச்சு முடிக்கேல்லை” என்றாராம்.

அன்று பிடித்தது அந்த வியாதி. ஏறும்போது எண்ணுவார். இறங்கும்போது எண்ணுவார். மலசலகூடத்துக்குப் போக முன்னும் பின்னும் எண்ணுவார். முதலில் தன் தலையில் கையை வைத்து “ஒண்டு” என்பார். பிறகு எங்கள் தலைகள். பாரிஸில் வழியில் நின்ற ஒரு ஜப்பானியரின் தலையையும் தொட்டு “ஒன்பது” என்றுவிட்டார். அந்த மனிதர் அதை ஏதோ ஆசீர்வாதம் என்று எண்ணிக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கும் சாந்திக்கும் கலியாணமாகி மூன்று வருடம். எனக்கு இரவு ஷிப்ட், அவளுக்குப் பகல் ஷிப்ட். நாங்கள் சந்தித்துக்கொள்வது பெரும்பாலும் வாசற்படியில். அப்போதுதான் தலையெண்ணி வந்து கதவைத் தட்டினார்.

“மாசியில வெனிஸ் போறன். கார்னிவல் நடக்குது. புதுச் சோடியள் பாக்கவேண்டிய ஊர்.”

“குளிருமே அண்ணை?” என்றாள் சாந்தி.

“பிள்ளை, அது தெற்கு. ஸ்னோ கொட்டாது. அதுக்கு நான் பொறுப்பு.”

இரண்டு நாள் ஓடி நாங்கள் போய் இறங்கியபோது வெனிஸில் முழங்கால் மட்டும் ஸ்னோ. பொறுப்பெடுத்தவர் வானத்தைப் பார்த்தார். வானம் அவருடைய தலையிலேயே கொட்டியது. “ஒண்டு” என்று தன் தலையிலிருந்த ஸ்னோவைத் தட்டிவிட்டு எங்களை எண்ணத் தொடங்கினார். அவரோடு சேர்த்துப் பதினாலு பேர்.

அந்த ஊரில் கார் இல்லை, பஸ் இல்லை. ஸ்னோ விழுந்த பிறகு காலடிச் சத்தமும் இல்லை. ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் பனிமூட்டமாய் வெள்ளைப் புகார் நின்றது. கால்வாயில் தண்ணீர் மை மாதிரிக் கறுத்துக் கிடக்க, கட்டிப்போட்ட வள்ளங்களின் மேல் வெண்துணி போர்த்தியதுபோலப் பனி. அந்தப் புகாருக்குள்ளிருந்து திடீர் திடீரென்று கறுப்பு அங்கி போர்த்த உருவங்கள் வரும். வாய் இல்லாத வெள்ளை முகம். கண் இருக்கும் இடத்தில் இரண்டு துவாரம். ஒன்றும் பேசாமல் எங்களுக்கு மிக அருகில் நின்று பார்த்துவிட்டு, வந்தபடியே போய்விடும். கார்னிவல் என்றால் மேளமும் கூத்தும் என்று நினைத்து வந்த எங்களுக்கு, செத்தவீட்டுக்குள் பிழையாக நுழைந்த மாதிரி இருந்தது.

எங்கள் பெண்களும் கடையில் முகமூடி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். பிறகு ஆண்களும். தலையெண்ணி மட்டும் போடவில்லை. “முகத்தை மூடினா நான் என்னெண்டு எண்ணுறது?” என்று சத்தம் போட்டார்.

ஒரு சின்னப் பாலத்தில் படிகள் கண்ணாடிபோல் வழுக்கின. ஒருவர் கோட்டை மற்றவர் பிடித்துக்கொண்டு ரயில் பெட்டிகள் மாதிரி வரச்சொன்னார். இறங்கியதும் எண்ணினார்.

“பதினைஞ்சு.”

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மறுபடி எண்ணினார். பதினைந்து. “முகமூடியைக் கழட்டுங்கோ எல்லாரும்!” கழற்றினோம். பதினாலு.

“அண்ணைக்குக் குளிர் ஏறிட்டுது” என்றேன் நான். சாந்தி என் கையை இறுகப் பற்றினாள்.

“பாலத்தில நீங்கள் எனக்குப் பின்னாலையோ வந்தனீங்கள்?”

“இல்லை, நான் முன்னுக்கு. நீர்தானே கடைசி?”

“அப்ப என்ரை கோட்டைப் பிடிச்சுக்கொண்டு வந்தது ஆர்?”

நான் திரும்பிப் பார்த்தேன். பாலத்தில் ஒருவரும் இல்லை. புகார்தான்.

அதன்பிறகு அன்று முழுவதும் அப்படியே நடந்தது. தேவாலய வாசலில் பதினைந்து. முகமூடியைக் கழற்றினால் பதினாலு. சதுக்கத்தில் பதினைந்து. நாலு மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது தலையெண்ணி தலைகளைத் தொட்டு எண்ணுவதையே விட்டுவிட்டார். வாழ்நாளில் ஒரு விரிப்பைக்கூடப் பிழையாக எண்ணாத மனிதர். சட்டைப் பையிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்தார்.

“பேர் சொல்லுவன். ஓம் எண்டு சொல்லிப்போட்டு வள்ளத்தில ஏறுங்கோ.”

ஒவ்வொரு பெயராய் வாசித்தார். ஒவ்வொரு ஓமாய் வந்தது. கடைசிப் பெயர் சாந்தி. “ஓம்” என்றாள். பட்டியலை மடித்தார்.

“ஓம்” என்றது இன்னொரு குரல்.

துறையின் மரத்தூணுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை முகமூடி நின்றது. ஓர் அம்மா “முருகா!” என்று கத்தியபடி என் முதுகுக்குப் பின்னால் பாய்ந்தார். தலையெண்ணிதான் ஓரடி முன்னே வைத்தார். “ஆர் நீர்?”

உருவம் மெதுவாக முகமூடியைக் கழற்றியது. நாற்பது வயதிருக்கும். நரைத்த தாடி, குழி விழுந்த கண்கள்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை. பேர் தவராசா. சாவகச்சேரி. வெளிநாட்டுக்கு ஆள் கடத்துற ஏஜென்சிக்காரன் ரெண்டு நாளையில வாறன் எண்டு இஞ்சை விட்டிட்டுப் போய் எட்டு மாசம். ஒரு ஹோட்டல்ல களவாக் கோப்பை கழுவுறன். காலமை நீங்கள் எண்ணுற சத்தம் கேட்டுது. தமிழ் கேட்டு எட்டு மாசம். முகத்தை மூடினா ஒருத்தரும் விசாரிக்க மாட்டினம் எண்டு பின்னால வந்தனான். சும்மா கதையைக் கேக்க. நீங்கள் கழட்டுங்கோ எண்ட உடனை புகாருக்குள்ள ஒளிச்சிட்டன்.”

“என்ரை கோட்டை ஏன் பிடிச்சனீங்கள்?” என்றாள் சாந்தி.

“எல்லாரும் பிடிச்சீங்கள். நானும் பிடிச்சன், தங்கச்சி.”

பிறகு அவர் கேட்டார்: “பஸ்ஸில ஒரு சீற் இருக்குமே?”

எங்களில் பாதிப் பேர் அகதிப் பயணப் புத்தகத்தோடு வந்தவர்கள். எல்லையில் பிடிபட்டால் எல்லோர் வாழ்க்கையும் முடிந்தது.

“சீற் இருக்கு தம்பி. பாஸ்போட் பதினாலுதான் இருக்கு” என்றார் தலையெண்ணி.

தவராசா தலையாட்டினார். மனைவிக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் அந்தப் பக்கம் வந்துபோகும் ஏஜென்சியின் இன்னோர் ஆளிடம் கொடுத்தாராம், பதிலே இல்லையாம். தலையெண்ணி அவருடைய ஊர் விலாசத்தை எழுதிக்கொண்டார். சாந்தி நாங்கள் கட்டிக்கொண்டு வந்ததில் மிஞ்சியிருந்த புட்டையும் சம்பலையும் கொடுத்தாள். அந்த மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று சாப்பிட்டார். படகு நகர்ந்தபோது மறுபடி முகமூடியைப் போட்டுக்கொண்டு துறையில் அசையாமல் நின்றார். புகார் அவரை மூடிவிட்டது. படகில் எண்ணியபோது கணக்குச் சரியாகப் பதினாலு வந்தது. அன்றைக்கென்று தலையெண்ணி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

லண்டனுக்கு வந்ததும் சாவகச்சேரிக்கு எழுதினார். ஒன்றரை மாதம் கழித்து யாரோ கொழும்பிலிருந்து கைக்கடிதமாகப் பதில் கொண்டுவந்து கொடுத்தார்கள். தவராசாவின் தம்பி எழுதியிருந்தார்: “என் அண்ணன் ஐப்பசி மாதம் மலை கடக்கையில் பனியில் இறந்துவிட்டதாக ஏஜென்சி அறிவித்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்துவிட்டது. ஏன் எங்களை வதைக்கிறீர்கள்?”

அந்தக் கடிதத்தை வாசித்த அன்று சாந்தி தன் கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் கொழுவியவள்தான், பிறகு தொடவில்லை. “பிடிச்ச இடம் இன்னும் ஈரமாக் கிடக்குது, தொட்டுப் பாருங்கோ” என்றாள். தொட்டேன். ஈரம்தான். எங்கள் வீட்டுச் சுவரே ஈரம் என்பது எனக்குத் தெரியும்; இருந்தும் கையை இழுத்துக்கொண்டேன். கோயில் வாசலில் சனம் கூடி ஆராய்ந்தது. “சாப்பிட்டதை ஆராவது கண்ணால கண்டனீங்களோ? முதுகைக் காட்டிக்கொண்டெல்லே நிண்டது!”

“பேய்க்கு ஆர் கோப்பை கழுவ வேலை குடுக்கிறது?” என்று சீறினார் தலையெண்ணி. ஆனால் மறுகிழமை லீவு போட்டார். “எண்ணினது சரியோ எண்டு பாத்திட்டு வாறன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தனியே ரயிலேறினார்.

கார்னிவல் முடிந்து முகமூடிகள் போய்விட்ட வெனிஸில், மழைக்குள், ஹோட்டல் ஹோட்டலாகப் பின்கதவைத் தட்டினாராம். ஹோட்டலின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை, இத்தாலியனும் தெரியாது. கோப்பை கழுவுவதுபோல் கையால் நடித்துக் காட்ட, இரண்டு இடங்களில் அவருக்கே வேலை கொடுக்க வந்தார்களாம். மூன்றாம் நாள் பொறுமை கெட்டு, ஆளில்லாத ஒழுங்கையில் நின்று அடிவயிற்றிலிருந்து “தவராசா!” என்று கத்தினார். அடுத்த ஒழுங்கையிலும் கத்தினார். அதற்கடுத்ததிலும். ஓரிடத்தில், கால்வாய் மட்டத்தில் இருந்த ஒரு கம்பி ஜன்னலுக்குள்ளிருந்து, “ஓம்” என்று பதில் வந்தது.

உள்ளே போய் முதலில் தவராசாவின் தலையில் கைவைத்துப் பார்த்தாராம். சூடாக இருந்ததாம்.

அன்றைய பத்திரிகையைக் கையில் பிடிக்கவைத்துப் படம் எடுத்து, தவராசாவின் கையெழுத்தில் ஒரு கடிதமும் வாங்கி, ஊருக்குப் போகிறவர் ஒருவர் மூலம் அனுப்பினார். அந்தத் தவராசா பின்னாளில் ஜெர்மனி போய்ச் சேர்ந்து குடும்பத்தையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டார். தலையெண்ணியோ நனைந்த நனைவில் நிமோனியா வந்து ஒன்றரை மாதம் படுக்கையில் கிடந்தார்.

நாங்கள் பார்க்கப் போயிருந்த ஒரு பின்னேரம்தான் தவராசாவின் மனைவியின் பதில் வந்து சேர்ந்தது. “கண் தெளிவில்லை, நீ வாசி பிள்ளை” என்று சாந்தியிடம் நீட்டினார். இரண்டே வரி: “எழுத்து அவருடையதுதான். நேற்றுப் பொட்டு வைத்தேன்.”

“இன்னொருக்கா வாசி.”

வாசித்தாள்.

“சரி. குளிருது” என்று சொல்லிப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வை குலுங்கத் தொடங்கியது. அவர் மனைவி எங்களுக்குக் கண் காட்டினார். மூன்று பேரும் சமையலறைக்குள் போய், அவர் அழுது முடிக்கும்வரை, கழுவி வைத்த கோப்பைகளையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றோம்.