பால் ஃபேட்டும் கிளிங்கான் புள்ளியும்

எருமப்பட்டிக் காளியப்பன் வீட்டுக்குள் கிளிங்கான் பாஷை நுழைந்ததற்குச் சர்க்கரை வியாதிதான் காரணம்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழைத் தாண்டினால், மச்சினன் வீட்டுப் புதுமனை விருந்தில் இனிப்புப் பக்கமே தலைவைக்கக் கூடாது. இது மனைவி மலர்விழியின் உத்தரவு. ரிசல்ட்டை லேபில் வாங்கிப் போனில் சொல்லப்போவது சிநேகிதன் சின்னராஜ். ஆனால் காளியப்பனின் போன் மாட்டுத் தண்ணித் தொட்டியில் விழுந்ததிலிருந்து ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். அதற்கு ரகசியம் என்றால் என்னவென்றே தெரியாது.

அதனால்தான் கிளிங்கான். ஏதோ விண்வெளித் தொடருக்காக யாரோ உருவாக்கிய பாஷையாம். இருவரும் யூடியூபைப் பார்த்து எண்களை உருப்போட்டார்கள்.

"பங்காளி, நடுவுல புள்ளி வருமே. அதுக்கு என்ன சொல்றது?" என்றான் சின்னராஜ்.

"அத உட்டுட்டுச் சொல்லு."

"உட்டா ஏழு புள்ளி ஒண்ணு எழுவத்தொண்ணா ஆயிரும். அப்பறம் உன்னய வெச்சு ஒரு சர்க்கரை ஆலையே நடத்தலாம்."

தேடிப் பிடித்தார்கள். புள்ளிக்கு 'வீ'.

மறுநாளே காளியப்பன் பயிற்சியில் இறங்கினார். மலர்விழி சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, கொழுப்பு அளந்த சீட்டோடு வந்து, "ஏனுங்க, இன்னிக்கு ஃபேட்டு நாலு புள்ளி எட்டு" என்றாள்.

தவிடு கலக்கிக்கொண்டே அவர், "லோஷ் வீ ச்சோர்க்" என்றார்.

"அதென்னங்க மந்திரம்?"

"மாட்டுக்குத் திருஷ்டி கழிக்கறன்."

"அப்படீன்னா தெனமும் சத்தமாக் கழிங்க."

தினமும் கழித்தார்.

விருந்துக்கு முந்தின நாள் போன் அடித்தது. மலர்விழி பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ச்சோர்க் வீ லோஷ், பங்காளி," என்றது ஸ்பீக்கர்.

காளியப்பன் மனசுக்குள் தமிழாக்கிப் பார்த்தார். எட்டு புள்ளி நாலு. ஆனாலும் முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டார். "ஆறு சொச்சந்தானாம். நாளைக்கு ரெண்டு ஜாங்கிரி சாப்புடலாம்."

மலர்விழி கத்தியைக் கீழே வைத்தாள். "நம்ம மாட்டு ஃபேட்டத் திருப்பிப் போட்டாப்புல இருக்குதுங்களே. எட்டு புள்ளி நாலுங்க."

தினமும் காலையில் அவள் எண்ணைச் சொல்ல, பாஷையைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் காளியப்பனேதான்.

மலர்விழி போன் பக்கம் குனிந்தாள்.

"சின்னராஜண்ணா, வெறும் வயித்துல எவ்வளவுங்க? அந்தப் பாஷையிலயே சொல்லுங்க. தமிழ்ல மாத்தறப்பத்தான் இவருக்குத் தப்பாயிருதுங்க."