டீ ஊற்றியவரின் பேரன்

"டீ ஊத்தினவர் பேரன் வந்தாச்சு, இடம் விடுங்கப்பா!" என்றான் மலக்கி க்ரோனின், கவுண்டருக்குப் பின்னாலிருந்து.

மதுக்கடையில் குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஃபின்பார் டூஹிக் முப்பது வருடமாக இந்தச் சிரிப்பைக் கேட்கிறான். ஒரு நாள்கூட அது பழகவில்லை.

எல்லாம் ஒரு பதக்கத்தால் வந்தது. அயர்லாந்தில் ஆங்கிலேயனை எதிர்த்து நின்றவர்களுக்கு விடுதலைக்குப் பிறகு அரசாங்கம் வெண்கலப் பதக்கம் கொடுத்தது. துப்பாக்கி தூக்கியவருக்கு ரிப்பனின் மேல் 'போர்' என்று ஐரிஷில் எழுதிய ஒரு பட்டை உண்டு. சேதி கொண்டுபோனவர், காவல் நின்றவர், டீ ஊற்றியவர் எல்லாருக்கும் பட்டையில்லாப் பதக்கம். எதிலும் பெயர் பொறிப்பதில்லை.

ட்ரும்கீல் ஊரில் பட்டை வைத்த பதக்கம் ஒன்றுதான். அது மலக்கியின் கடையில், அவன் தாத்தாவின் கோட்டில் குத்தியபடி கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. ஃபின்பாரின் தாத்தா கோட்டில் குத்தியிருந்த பதக்கத்தில் பட்டை இல்லை.

அந்த எரிச்சலில்தான் ஃபின்பார் பதக்கம் சேர்க்க ஆரம்பித்தான். டப்ளினில் ஏலம், கார்க்கில் ஏலம், செத்தவர் வீட்டுச் சாமான் விற்பனை, எதையும் விடவில்லை. ஊரான் வீட்டு வீரமெல்லாம் அவன் வீட்டு இழுப்பறைகளில் நிரம்பிக் கிடந்தது. சொந்த வீட்டு வீரம் மட்டும் மொட்டையாக இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் போராளிகளின் நினைவுக்கல் திறப்பு. கல்லின் உச்சியில் க்ரோனின் பெயர், தங்க எழுத்தில். மலர்வளையம் வைக்கப்போவது மலக்கி. டூஹிக் பெயர் அடியில், குதிரை இரவல் கொடுத்தவனுக்கும் கீழே.

"குதிரைக்காரனுக்குக் கீழயாடா?" என்று ஃபின்பார் கத்தினான்.

"குதிரையாவது ஓடுச்சு" என்றான் மலக்கி. "உங்க தாத்தா என்ன பண்ணார்?"

"எங்க தாத்தா மானஸ்தன்டா! பதக்கம் குத்திக்கிட்டுப் போன முதல் அணிவகுப்பு அன்னைக்கு மழை. எல்லாரும் இங்கதான் கோட்டைக் காயப்போட்டுக் குடிச்சாங்க. அன்னைக்கு வெளியே போனவர் சாகிற வரைக்கும் இந்தப் படி ஏறல. உங்க லட்சணம் அப்படி!"

"வெட்கம்டா அது. எங்க தாத்தாவைப் பாரு. இவ்வளவு பெரிய பட்டை வாங்கியும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. அடக்கம்!"

ஃபின்பார் பதில் சொல்ல வாயெடுத்து, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, அப்படியே நின்றான். தமிழில் ம மேல் புள்ளி வைத்தால் உயிர் போகும். பழைய ஐரிஷ் எழுத்தில் ம மேல் புள்ளி வைத்தால் அதன் சத்தமே கரைந்துபோகும். பட்டையில் இருக்கவேண்டிய அந்தப் புள்ளி இல்லை.

"புள்ளி எங்கடா?"

"என்ன புள்ளி?"

"ம மேல புள்ளி! இது போலிப் பட்டைடா!"

"பள்ளிக்கூடத்துல அத்தனை வருஷம் ஐரிஷ் படிச்சு, ஒண்ணுக்குப் போகட்டுமான்னு கேட்க மட்டும் கத்துக்கிட்டவன் நீ. புள்ளி சொல்ல வந்துட்டான்!"

மறுநாள் ஃபின்பார் விழாக் குழுத் தலைவி பெர்னடெட் டீச்சரை வீட்டுக்கு அழைத்தான். தாத்தாவின் கோட்டை மாட்டிக்கொண்டு வரவேற்றான். கோட்டின் கை அவன் முழங்கையோடு நின்றுவிட்டது.

"உங்க தாத்தா ஆறடின்னு சொல்லுவியே" என்றாள் மனைவி நோரீன், டீத்தட்டோடு வந்தபடி. "இது குதிரைப் பந்தயத்துல ஓட்டுறவன் கோட்டு மாதிரி இருக்கு."

"கம்பளி சுருங்கும்."

"அலமாரிக்குள்ளேயேவா?"

அவள் டீச்சருக்கும் ஃபின்பாருக்கும் வெள்ளி ஸ்பூன் வைத்தாள். காம்பின் நுனியில் கழுத்து வளைந்த ஒரு குட்டி அன்னம். "இவங்க தாத்தா கல்யாணத்துக்கு வந்தது, டீச்சர். பெட்டியில ஆறு குழி இருக்கு, ஸ்பூன் அஞ்சுதான். ஆறு பேர் வந்தா ஒருத்தருக்குப் பிளாஸ்டிக். மானமே போகுது."

"ஆறாவது க்ரோனின் வீட்டுலதான் இருக்கும்" என்றான் ஃபின்பார். "திருட்டுப் பயலுக! அதை விடு. டீச்சர், புள்ளியைப் பத்திச் சொல்லுங்க."

"புள்ளி இருக்கணும்" என்றாள் டீச்சர். "இல்லன்னா அது எழுத்துப் பிழை."

"கேட்டியா நோரீன்? பிழை! அந்த வம்சமே பிழை!"

டீச்சரைக் கையோடு இழுத்துக்கொண்டு கடைக்குப் போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டையில் இப்போது ஒரு புள்ளி இருந்தது, கறுப்பாக, ர மேல்.

"ராத்திரி வரைக்கும் இல்லாத புள்ளிடா இது!"

"உன் கண்ணுல கோளாறு" என்றான் மலக்கி. அவன் சட்டைப் பையில் மார்க்கர் பேனா இருந்தது.

"ர மேல வச்சிருக்கியே, முட்டாள்!" என்று டீச்சர் தன்னை மறந்து கத்தினாள். மலக்கி ஒரு காலத்தில் அவளிடம் படித்தவன்.

ஃபின்பார் கவுண்டரைத் தாண்டிக் குதித்தான். பெட்டியைத் திறக்கப் பொறுமையில்லை. கைக்குட்டையைச் சுற்றிக் கண்ணாடியை உடைத்தான். யாரோ குடித்து வைத்திருந்த விஸ்கியில் அதே கைக்குட்டையை முக்கி, பட்டையைத் தேய்த்தான். புள்ளி போயிற்று. கூடவே பழுப்பு நிறமும் போயிற்று. அடியில் வெள்ளையாகப் பளபளத்தது.

"வெள்ளி!" என்றான் ஃபின்பார். "அசல் பட்டை வெண்கலம்டா! இதுக்கு மேல பூட்ஸ் பாலிஷ் பூசியிருக்கு!"

"எங்க தாத்தா பதக்கத்தைச் சுரண்டிட்டான்! போலீஸைக் கூப்பிடு!"

"கூப்பிடு! விலங்கு எந்தத் தாத்தாவுக்குன்னு பார்ப்போம்!"

இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இருவருக்கும் அறுபதை நெருங்கும் வயது, ஆகவே அடி எதுவும் சரியாக விழவில்லை. டீச்சர் நடுவில் புகுந்து, கார்க் நகரில் பதக்கம் மதிப்பிடும் சோர்கா என்ற பெண்ணுக்குப் போன் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சோர்கா வந்தாள். கடையில் நிற்க இடமில்லை. கல்லில் எழுத்து வெட்டுகிறவன்கூட உளியோடு வந்திருந்தான். புருஷனை அடிதடியில்லாமல் வீட்டுக்குக் கூட்டிப்போக நோரீன் வாசலோரம் நின்றாள்.

சோர்கா கோட்டை மேசைமேல் விரித்தாள். கீழ்ப்பாதி தரையில் புரண்டது. "உங்க தாத்தா கோட்டா?" என்று ஐந்தடி மூன்றங்குல மலக்கியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தக் காலத்து ஆளுங்க பெருசு, மேடம்."

அவள் பட்டையைக் கழற்றி, லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

"பதக்கம் அசல். பட்டை வீட்டுல செஞ்சது. டீ ஸ்பூன் காம்பை வெட்டி, அரம் போட்டு ராவியிருக்காங்க. எழுத்து ஆணியால கீறினது."

கடை வெடித்தது. மலக்கி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு வார்த்தை பேசினதில்லையே" என்றான். "அடக்கம்னுல்ல நினைச்சேன்."

வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். ஃபின்பார் நாற்காலிமேல் ஏறினான்.

"ஸ்பூன்! முப்பது வருஷமா என்னை டீ ஊத்தினவர் பேரன்னான். டீயைக் கலக்கினவன் எவன்டா? செத்துப்போன பசங்க நினைவு அணிவகுப்புல ஸ்பூனைக் குத்திக்கிட்டு நடந்தவன் எவன்டா? டீச்சர், தீர்மானம் போடுங்க! இந்தப் பட்டையைச் செஞ்சவன் பேரு கல்லுல இருக்கக் கூடாது! உச்சியிலயும் கூடாது, அடியிலயும் கூடாது! அவன் பேரப்பிள்ளைங்க அந்தக் கல்லுப் பக்கமே வரக் கூடாது!"

"கொஞ்சம் யோசிச்சுப் பேசு, ஃபின்பார்" என்றாள் டீச்சர்.

"யோசிக்க என்ன இருக்கு? கை தூக்குங்க!"

எல்லாரும் தூக்கினார்கள். மலக்கிகூட, தலையைக் குனிந்தபடி, பாதிக் கை தூக்கினான். உளிக்காரன், "இன்னைக்கே வெட்டி எடுத்துடறேன்" என்றான். ஃபின்பார் நாற்காலியைவிட்டு இறங்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் கோபம் இல்லை.

"பின்பக்கம் ஏதோ படம் மிச்சம் இருக்கு" என்றாள் சோர்கா, பட்டையைத் திருப்பி. "பறவை மாதிரி. கழுத்து வளைஞ்சிருக்கு."

நோரீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தரையில் புரளும் கோட்டைப் பார்த்தாள். மலக்கியின் குட்டைக் கையைப் பார்த்தாள். வீட்டில் புருஷனின் முழங்கையோடு நின்ற கோட்டு ஞாபகம் வந்தது. கடைசியாக நாற்காலிமேல் நின்ற புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சொன்னது சரிதான், ஃபின்பார்" என்றாள். "நம்ம ஆறாவது ஸ்பூன் க்ரோனின் வீட்டுலதான் இருந்திருக்கு."